விழுப்புண்ணும் விகடமும்



தமிழ் இலக்கணம் படித்தவர்கள் தகுதி வழக்கு என்ற ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக நன்னூல் அதனை வகுத்துக் காட்டும். செத்தார் என்று சொல்ல வாய் கூசி, துஞ்சினார் என்று சொல்வது மங்கலம். பொற்கொல்லர் தமக்குள்ளே பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்குவது குழூஉக்குறி. பாடசாலையில் இவற்றை மனனம் செய்த காலத்தில், மங்கலம் வேறு, குழூஉக்குறி வேறு, ஒன்றுக்கு மற்றது உறவில்லை என்றே எண்ணியிருந்தேன். இரண்டும் கலந்து ஒரே சொல்லாகி நிற்கும் இடம் ஒன்றைப் பிற்காலத்தில்தான் கண்டேன். இரண்டாவது உலக மகா யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப் படையின் விமானிகள் தமக்குள் பேசிக்கொண்ட பேச்சுத்தான் அது.

தம் தோழன் ஒருவன் இறந்துவிட்டான் என்று அவர்கள் சொல்வதில்லை. "பேர்ட்டனுக்குப் போய்விட்டான்" என்பார்கள். பேர்ட்டன் என்பது பியர் வடிப்பதற்குப் பேர்போன ஓர் ஆங்கில ஊர். அந்தத் தொடர் எவ்வாறு பிறந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், ஆள் பியர் குடிக்கப் போயிருக்கிறான் என்ற பொருளே கேட்பவர் மனதில் முதலில் தோன்றும். இன்னொரு வழக்கில், இறந்தவன் "வாங்கிவிட்டான்". எதை வாங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. விமானம் நொறுங்கினால் அது "பிராங்". விழுந்தவனை விழுங்கும் கடலுக்குப் பெயர் "பானம்". இயந்திரம் காரணமின்றிப் பழுதுபட்டால் அது கிரெம்லின் என்னும் குட்டிச் சாத்தானின் வேலை. 1940இல் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் விமானத்தோடு விழுந்து பிழைத்த றோல்ட் டால் என்ற விமானி, அந்தக் குட்டிச் சாத்தான்களை வைத்தே 1943இல் தமது முதலாவது சிறுவர் நூலை எழுதினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சிறுவர் எழுத்தாளராக விளங்கியவர் அவர்தான்.

நம்முடைய மங்கல வழக்கு மரணத்தின் மீது மரியாதை என்னும் வெள்ளைத் துணியைப் போர்த்துகிறது. இந்த விமானிகளோ அதன் மீது சாப்பாட்டு மேசை விரிப்பைப் போர்த்தினார்கள். குடிக்கப் போனான், கடையில் ஏதோ வாங்கினான் என்று அன்றாட வாழ்வின் மிக அற்பமான செயல்களாக மரணத்தை மாற்றினார்கள். இது இதயமில்லாத பேச்சு என்று ஒருவர் நினைக்கலாம். கணக்கைப் பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. அந்த யுத்தத்தில் பிரித்தானியக் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்தவர்கள் ஏறத்தாழ 125,000 பேர். அவர்களில் இறந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் திரும்பவில்லை. காலை உணவு மேசையில் நேற்றிருந்த நாற்காலி இன்று வெறுமையாகும். நாளை அதில் புதிய ஒருவன் வந்து அமர்வான். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒப்பாரி வைத்துவிட்டு அன்றிரவே மறுபடியும் பறப்பது மனிதரால் ஆகிற காரியமா? அழுகையை ஒத்திவைப்பதற்கே அவர்கள் அந்தச் சொற்களை வைத்திருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தற்பெருமை பேசுவது அவர்களிடையே பெருங்குற்றம். பல படைப்பிரிவுகளின் உணவு மண்டபத்தில் இதற்கென்றே ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருந்தார்கள். யாராவது தன் வீரத்தைப் பற்றி வாய் தவறி ஒரு வார்த்தை பேசிவிட்டால், அது அப்படியே அதில் எழுதப்படும். கேட்டவர்கள் சாட்சிக் கையெழுத்தும் வைப்பார்கள். அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறுவதைவிட எதிரியின் பீரங்கியைச் சந்திப்பது மேல் என்று நினைத்திருப்பார்கள் போலும்!

சிரிப்பைக் கொண்டு அறிவு புகட்டும் வேலையும் நடந்தது. 1941இல் விமானப் படை தன் விமானிகளுக்காக ரீ எம் என்ற பயிற்சிச் சஞ்சிகை ஒன்றை ஆரம்பித்தது. அதிலே பில் ஹூப்பரின் சித்திரத்திலும் அந்தோனி ஆம்ஸ்ரோங்கின் எழுத்திலும் பிறந்தவன் பைலட் ஒபிசர் புரூன் என்ற கற்பனை விமானி. செய்யக்கூடாத தவறுகள் எல்லாவற்றையும் செய்பவன். எரிபொருளைப் பார்க்காமல் கிளம்புவான். சக்கரத்தை இறக்காமல் தரையிறங்குவான். உண்மையாகவே அத்தகைய மடத்தனம் செய்து உயிர் தப்பியவர்களுக்கு அந்தச் சஞ்சிகை ஒரு கேலி விருதும் வழங்கிற்று. எதிரி சுட்டு இறந்தவர்கள் ஒருபுறமிருக்க, பயிற்சியிலும் விபத்திலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். "இதைச் செய்யாதே" என்ற சுற்றறிக்கையை இருபது வயது இளைஞன் படிக்கமாட்டான். "இதைச் செய்த முட்டாளைப் பார்" என்றால் படிப்பான், சிரிப்பான், நினைவிலும் வைத்திருப்பான். ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் யாரோ ஒருவன் தன் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் இருந்தது.

நேயர்களே, இவையெல்லாம் இறந்தவர்களைப் பற்றியும் இனி இறக்கக்கூடியவர்களைப் பற்றியுமான விகடங்கள். இறக்காமல், முன்போல வாழவும் முடியாமல் திரும்பி வந்தவர்களின் கதை வேறு. இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

ஹரிக்கேன் என்ற போர் விமானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, ரத்மலானையிலிருந்தும் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எதிர்த்து எழுந்தவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன்களே. அந்த விமானத்தின் பெற்றோல் தாங்கிகளில் ஒன்று விமானியின் முன்னால், இயந்திரத்துக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது. இரு சிறகுகளின் அடியிலும் தாங்கிகள் இருந்தன. குண்டு பட்டுத் தீப்பிடித்தால் அந்தத் தீ நேரே விமானியின் இருக்கைக்குள் பாயும். கண்ணாடியும் கையுறையும் அணியாதவன் சில விநாடிகளில் கண்ணிமை, மூக்கு, உதடு, விரல் எல்லாவற்றையும் இழந்துவிடுவான். 1940 கோடையில், பிரித்தானிய வான் சமர் நடந்த அந்த மாதங்களில், இப்படி வெந்த இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வைத்தியசாலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், சசெக்ஸில், ஈஸ்ற் கிரின்ஸ்ரெட் என்று ஒரு சிறு பட்டினம் இருக்கிறது. அங்குள்ள குயின் விக்ரோறியா வைத்தியசாலையில் ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பணிபுரிந்தார். நியூசிலாந்தில் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். வெந்த கைக்கும் முகத்துக்கும் தனிக் அமிலம் பூசுவது அக்காலத்து வைத்திய வழக்கம். அது காய்ந்து மரப்பட்டை போல இறுகிவிடும். அதை உரிப்பது பெரும் சித்திரவதை. உள்ளே விரல்கள் சுருங்கிக் கொக்கியாகிவிடும். கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் புண்கள் தரையில் விழுந்தவர்களின் புண்களைவிட நன்றாக ஆறுவதை மக்கின்டோ கவனித்தார். உப்புநீரின் செயல் இது என்று உணர்ந்து, உப்புநீர்த் தொட்டியில் நோயாளரைக் குளிப்பாட்டும் முறையைக் கைக்கொண்டார். கையிலும் முகத்திலும் அமிலம் பூசுவது கைவிடப்படுவதற்கு அவரது வாதமும் ஒரு காரணம். எந்தக் கடலை விமானிகள் கேலியாகப் "பானம்" என்றார்களோ, அதுவே அவர்களுக்கு மருந்துமாயிற்று.

அதன்பின் தோல் ஒட்டும் வேலை. உடம்பின் ஒரு பகுதித் தோலை முழுவதும் அறுத்தெடுக்காமல் குழாய்போலச் சுருட்டி, ஒரு முனையைப் பழைய இடத்திலேயே இருக்கவிட்டு, மறு முனையை முகத்தில் தைப்பார்கள். இரத்த ஓட்டம் நிலைபெறும்வரை வாரக் கணக்கில் தோளிலிருந்து மூக்குக்கு ஒரு தோற்குழாய் தொங்கும். முதலாவது உலக மகா யுத்தத்தில் மக்கின்டோவின் உறவினரான ஹரோல்ட் கில்லிஸ் விருத்தி செய்த முறை இது. ஒரு முகத்தைச் சீராக்க இருபது, முப்பது சத்திரசிகிச்சைகள் தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள். பல வருடங்கள் வைத்தியசாலையே வீடு.

அந்த வீட்டை எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் மக்கின்டோவின் மெய்யான ஞானம் தெரிகிறது. மூன்றாம் இலக்க வார்ட் ஒரு மரக்கொட்டகை. அதிலே அதிகாரியும் சாதாரண வீரரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. பியர்ப் பீப்பாய் ஒன்று இருந்தது. நோயாளிக்குரிய நீலச் சீருடையை அவர் உடுக்கவிடவில்லை. தத்தம் விமானப் படைச் சீருடையையே உடுத்தார்கள். விரும்பியவர்கள் அடுத்தவரின் சத்திரசிகிச்சையை உள்ளே நின்று பார்க்கலாம்.

1941 ஜூலை 20ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் இரவு அளவுக்கு மிஞ்சிக் குடித்துத் தலைவலியோடு எழுந்த சில நோயாளர்கள் ஒரு போத்தல் ஷெறியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். தம்மை வைத்து வைத்தியர்கள் பரிசோதனை செய்கிறார்கள் என்பதால், அதற்குக் கினிப்பன்றிச் சங்கம் என்று பெயரிட்டார்கள். மக்கின்டோ தலைவர். பொருளாளராகத் தெரிவானவர் கால்கள் வெந்தவர். பணத்தை எடுத்துக்கொண்டு அவரால் ஓட முடியாது என்பதே தகுதி. செயலாளராகத் தெரிவானவர் விரல்கள் வெந்தவர். நீண்ட கூட்டக் குறிப்புகள் எழுதிச் சங்கத்தைத் துன்புறுத்த அவரால் முடியாது என்பதே தகுதி. அங்கத்தவர்களும் மூன்று வகை. சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்கள் கினிப்பன்றிகள். வைத்தியர்கள் விஞ்ஞானிகள். நண்பர்களும் புரவலர்களும், கினிப்பன்றிகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் அரச சங்கத்தினர்!

இதை முதன்முதலில் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த கணமே வெட்கப்பட்டேன். வெந்துபோன ஒருவரின் கால்களைப் பார்த்துச் சிரிக்க நான் யார்? நீண்ட நாள் இந்தக் கேள்வி என் மனதில் இருந்தது. அந்த விகடத்தைச் சொன்னவர் யார் என்று யோசித்தபோதுதான் விடை ஓரளவு துலங்கிற்று. கால் வெந்தவரைப் பார்த்து அதைச் சொன்னவர் கை வெந்தவர். கை வெந்தவரைப் பார்த்துச் சொன்னவர் கண்ணிமை இழந்தவர். இதே சொற்களை ஊர் வீதியில் நல்ல உடம்புள்ள ஒருவன் சொல்லியிருந்தால் அது கொடுமை. மூன்றாம் இலக்க வார்டுக்குள் அது ஓர் ஆசனம். "நீ இன்னமும் எங்களில் ஒருவன், வந்து இரு" என்று இழுத்துப் போடப்பட்ட ஆசனம்.

அச்சங்கத்தின் முதன்மைக் கினிப்பன்றி என்று பெயர் பெற்றவர் டொம் கிளீவ். 1940 ஓகஸ்ற் 31ஆம் திகதி அவரது ஹரிக்கேன் எரிந்தது. வைத்தியசாலையில் கட்டுகளுக்குள் கிடந்த கணவனைக் கண்டு, என்னதான் செய்துகொண்டீர்கள் என்று மனைவி பதறினார். ஒரு ஜேர்மன்காரனோடு சின்னச் சண்டை என்று பதில் சொன்னார் அவர். 1941இல் தம் அனுபவத்தை நூலாக எழுதியபோது அந்தப் பதிலையே தலைப்பாகவும் வைத்தார். வைத்தியர்கள் அவருக்கு நெற்றித் தோலால் புதிய மூக்குச் செய்தார்கள். 1993இல் காலமாகும்வரை அவர் அந்தப் பன்றிப் பட்டத்தைப் பெருமையோடு சுமந்தார்.

நம்முடைய பழைய இலக்கியத்தில் விழுப்புண் என்ற சொல் இருக்கிறது. மார்பிலே பட்ட புண்ணை வீரத்தின் அணிகலனாகப் போற்றிய சொல். ஆனால் மார்புப் புண்ணை ஆடை மறைக்கும். முகத்துப் புண்ணை எது மறைக்கும்? போற்றுவதற்குப் புலவர் உண்டு. பக்கத்திலிருந்து தேநீர் குடிக்க யார் உண்டு? இந்த இடத்தில்தான் ஈஸ்ற் கிரின்ஸ்ரெட் மக்கள் கதைக்குள் வருகிறார்கள். மக்கின்டோ அவர்களிடம் போய், என் பிள்ளைகள் வீதிக்கு வருவார்கள், வெறித்துப் பார்க்காதீர்கள், வீட்டுக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊர் கேட்டது. மூக்கிலே தோற்குழாய் தொங்க மதுச்சாலைக்கும் படமாளிகைக்கும் போனார்கள், நடனத்துக்குக்கூடப் போனார்கள். வெறித்துப் பார்க்காத ஊர் என்று அந்தப் பட்டினத்துக்குப் பெயர் வந்தது. யுத்தம் முடிந்தபோது சங்கத்தில் 649 பேர் இருந்தார்கள். குடித்துவிட்டுக் கலைந்துபோக வேண்டிய அந்தச் சங்கம், ஆண்டுதோறும் கூடி, அங்கத்தவர்களின் தொழிலுக்கும் ஓய்வூதியத்துக்கும் துணைநின்று, 2007ஆம் ஆண்டுவரை ஒன்றுகூடல் நடத்திற்று.

சிரிப்பு எல்லோரையும் காப்பாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. றிச்சட் ஹில்லறி என்ற ஒக்ஸ்போர்ட் மாணவர் 1940 செப்ரெம்பர் 3ஆம் திகதி எரியும் ஸ்பிற்பயர் விமானத்திலிருந்து கடலில் விழுந்தார். மக்கின்டோவின் கையில் முகம் திரும்பப் பெற்றார். அந்த அனுபவத்தில் பிறந்த 'த லாஸ்ற் எனிமி' என்ற அவரது நூல் 1942இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. வெந்த கைகளால் உணவு மேசையிலே கத்தியையும் முள்ளையும் பிடிப்பதே சிரமம். ஆயினும் மறுபடியும் பறந்தே தீருவேன் என்று பிடிவாதமாய் நின்று, 1943 ஜனவரி 8ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் இரவுப் பயிற்சிப் பறப்பின்போது விமானம் வீழ்ந்து இறந்தார். அவரோடு பறந்த இன்னொருவரும் இறந்தார். ஹில்லறிக்கு அப்போது வயது 23.

அந்த விகடத்துக்கு ஒரு கறுத்த பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் கேலியாகச் சொல்லத் தெரிந்த அந்தப் பேச்சிலே, "எனக்குப் பயமாயிருக்கிறது, இனி என்னால் முடியாது" என்று சொல்ல ஒரு சொல் இருக்கவில்லை. அப்படிச் சொல்ல நேர்ந்தவர்களின் கோவையில் மனோதிடம் குறைந்தவர் என்ற பொருள்படும் மூன்றெழுத்து முத்திரையைப் படை குத்திற்று. தோழர்களிடமிருந்து பிரித்து, அவமானத்தோடு அனுப்பியது. இருபது, இருபத்தைந்து இரவுகள் பறந்தபின் உடைந்தவர்களும் அதில் அடக்கம். தோல் வெந்தவருக்குச் சங்கம் இருந்தது. மனம் வெந்தவருக்கு அது கிடைக்கவில்லை. வெளியே தெரியாத புண்ணுக்கு எவரும் ஆசனம் போடவில்லை.

இத்தனையும் நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணம் செல்லும் பேருந்து ஒன்றில் பயணம் செய்தேன். 2009இல் யுத்தம் முடிந்து சில காலம் ஆகியிருந்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கத்தில் ஓர் இளைஞர் தனியே அமர்ந்திருந்தார். முகத்தின் ஒரு பாதி தீயில் வெந்து ஆறியிருந்தது. எந்தத் தீ என்று நான் கேட்கவில்லை. வெறித்துப் பார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். என் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"ஐயா, வெயில் உங்கட பக்கம்தான் அடிக்குது. நீங்கள் இங்கால வாங்கோ, நான் அங்கால இருக்கிறன். எனக்கு இனி வேகிறதுக்கு மிச்சமில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. "பரவாயில்லைத் தம்பி" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பிறகு பேசவில்லை. வவுனியா வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

கினிப்பன்றிச் சங்கத்தைப் பற்றி அப்போது நான் அறியேன். வெறித்துப் பார்க்காதிருப்பது வேறு, முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு என்பதும் தெரியாது. அந்த இளைஞர் கேட்டது அனுதாபமல்ல. தன் புண்ணைத் தானே ஒரு விகடமாக்கி, அதன் வழியாக என்னைத் தன்னிடம் வரவிட்டார். நான்தான் போகவில்லை.

2014இல் ஈஸ்ற் கிரின்ஸ்ரெட்டில் மக்கின்டோவுக்கு ஒரு சிலை வைத்தார்கள். அதைச் செய்த மார்ட்டின் ஜெனிங்ஸ் என்ற சிற்பியின் தந்தை, யுத்தத்தில் வெந்து அதே வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றவர். சிலையில் வெந்த கைகளோடு ஒரு விமானி ஆசனத்தில் இருக்கிறார். பின்னால் நின்று அவர் தோளில் கைகளை வைத்திருக்கிறார் வைத்தியர். அந்தச் சிலையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. இன்றைக்கென்றால் எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பேன். அவர் சொன்னதற்குச் சிரித்துமிருப்பேன்.